ஐந்தாம் திருநாளும் அடைக்கோழியும்

தமிழினம் தான் தொலைத்த வீரத்தைக் கிள்ளான் மண்ணில்தான் மீட்டெடுக்கப் போகிறது, அந்த நாளை வரலாறு பொன்னெழுத்துகளில் பொறித்து வைக்கும் என்று காளியம்மன் கோயில் தலைவர் அய்யாவு ஒலிபெருக்கியில் முழங்கினார். அவர் முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வீரம் அவருடைய கடைக் கிடங்கில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வெதுவெதுப்பாகப் படுத்திருந்தது. இணையத்தில் மலிவு விற்பனையில் வாங்கிய குஞ்சு பொரிக்கும் பெட்டி. உள்ளே இருந்தவை ஈப்போ பக்கம் யாரோ ஒருவரிடம் வாங்கி, பஞ்சு சுற்றி, மடியில் வைத்து விரைவு பஸ்ஸில் கொண்டுவந்த முட்டைகள். அந்தக் கோழிகளின் முப்பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள் என்றும், அன்றிலிருந்து இன்றுவரை வேறு ரத்தம் கலக்கவே இல்லை என்றும் விற்றவர் சத்தியம் செய்தாராம். அத்தனை நாள் கப்பலில் பசியோடு வந்தவர்கள் கோழியை மட்டும் எப்படி விட்டுவைத்தார்கள் என்று அய்யாவு கேட்கவில்லை.

பொன்னெழுத்து அவருக்குப் பஞ்சமில்லாத சரக்கு. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கேடயம், கோப்பை, பொன்னாடை, பேனர் எல்லாம் கிடைக்கிற கடை அவருடையது. விற்காமல் தேங்கிய கேடயங்களில் தன் பெயரையே பொறித்து, ஆண்டுக்கு ஒன்றிரண்டு விருது வாங்கிவிடுவார். யாரையும் வெறும் பெயரால் சொல்ல அவருக்கு வாய் வராது. எதிர்ச்சாரியில் தே தாரே கலக்கும் பாசில் அவருக்குத் 'தேநீர்த் திலகம்'. கோயில் மேளக்காரர் 'நாதச்சுடர்'. கழிவறை கழுவ வரும் வங்காளதேசக்காரர்கூட மேடையேறினால் 'தூய்மைத் தளபதி'. மைக் கையில் இருக்கும்போது முன்னால் ஓர் ஆள் பட்டமில்லாமல் நின்றால் அய்யாவுக்கு மூச்சு முட்டும்.

பவுனம்மாளின் வீடு காப்பார் சாலையிலிருந்து உள்ளே போகும் மண்பாதையில் இருந்தது. ஒருகாலத்தில் ரப்பர் பால் எடுத்த கித்தாத் தோட்டம். இப்போது முன்னால் தாமான் என்கிற புது வீட்டு வரிசைகள், பின்னால் கண்டெய்னர் கிடங்கு, இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கொஞ்சம் பலகை வீடுகள். விடிவதற்கு முன்னால் எழுந்து மாவு கிண்டி, இடியாப்பம் பிழிந்து, மூங்கில் தட்டுகளில் அவித்து, தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையுமாகச் சாலையோரம் மேசை போட்டு விற்பாள். துறைமுகத்துக்குப் போகிற லோரிக்காரர்கள்தான் வாடிக்கை. வெயில் ஏறியதும் மேசையை மடக்கிவிட்டுக் கோழிகளோடு மல்லுக்கு நிற்பாள். கணவன் கன்னையா துறைமுகத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். எந்தப் பாரத்தையும் சத்தமில்லாமல் தூக்கி, சத்தமில்லாமல் இறக்கிப் பழகியவன். வீட்டிலும் அப்படித்தான்.

பவுனம்மாள் சீனத்தி. அதாவது, அவள் முகம் சீனத்தி. பந்திங் சாலையில் காய்கறி போட்ட ஒரு சீனக் குடும்பத்தில் பெண்ணாகப் பிறந்து, ஜாதகம் சரியில்லை என்று அவர்கள் கொடுத்துவிட நினைத்தபோது, கேரி தீவில் செம்பனைக் காய் பொறுக்கிக்கொண்டிருந்த இராஜம்மா போய் வாங்கி வந்தாள். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் இப்படி ஒரு பெண் இருப்பாள். சேலை கட்டி, பூ வைத்து, மற்றவர்களைவிட நன்றாகத் தமிழில் சண்டை போடுவாள். இராஜம்மா பின்னால் கிள்ளானுக்குக் குடிவந்து, ஓலை வேய்ந்த அத்தாப்புக் கொட்டகையாக இருந்த காளியம்மன் கோயிலில் ஐந்தாம் திருநாள் உபயத்தை ஏற்றுக்கொண்டாள். அன்றைக்குப் பூஜையும் பொங்கலும் அவள் குடும்பத்துப் பொறுப்பு, சங்கல்பத்தில் அவள் பெயர். சாகும்வரை ஒரு வருஷம் விடவில்லை. அவள் போய்த் தலைத்திவசமும் கழிந்துவிட்டது. இந்த வருஷம் பானை வைக்க வேண்டியவள் பவுனம்மாள்.

அய்யாவு ஒரு காலை அவள் மேசைக்கே வந்தார். கையில் மெல்லிய ஒரு புத்தகம்.

"பசியாறிட்டீங்களா தலைவரே? உக்காருங்க."

"ஆச்சு, ஆச்சு. பவுனம்மா, ஒரு சின்ன உதவி. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தாள். குஞ்சு பொரிக்கும் பெட்டியோடு வந்த விளக்கக் குறிப்பு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை சீன எழுத்து.

"இது சீனம்."

"ஆமா. அதான் நேரா உங்ககிட்ட வந்துட்டேன்."

"எனக்குச் சீனம் தெரியாதே."

"சும்மா பாருங்க. பார்த்துக்கிட்டே இருந்தா வரும். ரத்தத்துல இருக்கும்ல."

பவுனம்மாள் புத்தகத்தை மூடி அவர் பக்கம் தள்ளினாள். "நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில படிச்சவ. பதினாறாம் வாய்ப்பாடு வேணும்னா சொல்றேன். சீனத்துல எனக்குத் தெரிஞ்சது பாசார்ல முள்ளங்கி என்ன விலைன்னு கேக்கிறது ஒண்ணுதான். அதையும் எங்க வீட்டுக்காரர் என்னைவிட நல்லாக் கேப்பாரு. நீங்க பக்கத்துக் கடை தவுக்கேகிட்ட கேளுங்க."

இடியாப்பம் வாங்க வந்த லோரிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். அய்யாவுக்கு அது பிடிக்கவில்லை. புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

"இன்னொரு விஷயமும் சொல்லணும். ஐந்தாம் திருநாள் உபயம். கமிட்டி கூடிப் பேசிட்டோம். அம்மா இருந்த வரைக்கும் அம்மா செஞ்சாங்க. இனிமே அவங்க தம்பி மகன் விஜயன் பேருக்குப் போறதுதான் முறை."

பவுனம்மாள் கையில் இருந்த தேங்காய்ப்பூ கரண்டியிலேயே நின்றது. "ஏன்?"

"தப்பா எடுத்துக்கக் கூடாது. சங்கல்பத்துல கோத்திரம், நட்சத்திரம் எல்லாம் சொல்லணும். உங்க நட்சத்திரம் என்னன்னு உங்களுக்கே தெரியாது. நாளைக்கு யாராச்சும் கேள்வி கேட்டா ஆலயத்துக்குத் தலைகுனிவு. நான் உங்களை வேறயா பார்க்கல. ஆனா ரத்தம்னு ஒண்ணு இருக்கு பாருங்க."

"அம்மா படுக்கையில கெடந்தப்போ நான் பீ மூத்திரம் அள்ளுனேன். அப்போ கமிட்டி கூடலையே."

"அது வீட்டு விஷயம். இது ஆலய விஷயம்."

"ரெண்டு நிமிஷம் முன்னாடி நான் சீனத்தி, எனக்குச் சீனம் தெரிஞ்சிருக்கணும். இப்போ நான் தமிழச்சி இல்ல, அதனால உபயம் கிடையாது. முள்ளங்கி விக்கிறவங்ககூட இப்படி ரெண்டு பக்கமும் எடை போட மாட்டாங்க." அவள் லோரிக்காரர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எத்தனை அண்ணே? சர்க்கரை தூக்கலா?"

தலைவர் காடியில் ஏறிப் போனார்.

அன்று சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு லத்தீஃபா வந்து நின்றாள். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை. ரயிலில் கிள்ளான் வந்து இறங்கினாளென்றால் அன்றைய கதை முழுவதும் வேலியோரம் கேட்டாக வேண்டும் அவளுக்கு.

"ஏன்லா, அந்தப் புத்தகத்தைப் படிச்சுக் குடுத்திருக்கலாம்ல. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தா இந்நேரம் அத்தனை முட்டையும் அவிஞ்சிருக்கும்."

"முட்டை என்ன பாவம் பண்ணிச்சு."

"உனக்கு இந்த நியாயமெல்லாம் எங்கேர்ந்து வருதோ."

குளித்துவிட்டுக் கைலியோடு வந்த கன்னையா, "விடு. கோயில் காரியம். நாளைக்கும் அவர் மூஞ்சியிலதான் முழிக்கணும்" என்றான்.

"நீங்க முழிங்க. நான் அம்மன் மூஞ்சியில முழிச்சுக்கிறேன்" என்று பவுனம்மாள் கைப்பேசியை எடுத்தாள். விஜயன் பிரிக்பீல்ட்ஸில் ரயில் நிலையத்தை ஒட்டிய அடுக்குமாடியில் இருக்கிறான். ஏதோ அலுவலகத்தில் ஏதோ பெரிய வேலை.

"அக்கா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான் எடுத்த உடனே. "தலைவர் கூப்பிட்டு, பேரை மட்டும் குடுங்கன்னாரு. நான் ஏதோ நன்கொடைன்னு நெனச்சேன்."

"நீ அன்னைக்கு வருவியா?"

"ஒர்க்கிங் டே லா. மீட்டிங் இருக்கு. பெடரல் ஹைவேல ஜாம் வேற. நான் வரலேன்னா கோச்சுக்குவீங்களாக்கா?"

"நீ வரலேன்னாதான்டா எனக்குச் சந்தோஷம்."

போனை வைத்தாள். "நான் பானையோட போறேன்" என்றாள்.

"தடுத்தா?" என்றான் கன்னையா.

"அடுப்புல ஏத்துன பானை கொதிக்கும். எவன் கை வைக்கிறான்னு பார்க்கிறேன்."

லத்தீஃபா வேலிக்கு மேலே கையை நீட்டி அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

பக்கத்துக் கடையின் சீன முதலாளி, தவுக்கே, புத்தகத்தைப் பொறுமையாகத்தான் படித்துச் சொன்னார். சூடு, ஈரம், தண்ணீர் ஊற்றும் இடம் எல்லாம் சரியாக வந்தது. கடைசிப் பக்கம் குஞ்சு வெளியே வந்த பிறகு செய்ய வேண்டியது. அதற்குள் அய்யாவுக்குப் பேனர் அச்சடிக்கும் அவசரம் வந்துவிட்டது, அதைக் கேட்காமலே எழுந்தார். 'தமிழர் மரபுக்கோழி மீட்புப் பெருவிழா' என்று கொட்டை எழுத்து. ஒரு பக்கம் ஒரு சேவல், மறுபக்கம் அய்யாவு, இருவரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழாவை ஐந்தாம் திருநாளிலேயே வைத்துக்கொண்டார். அன்று 'டத்தின்' என்ற அரசப் பட்டமுள்ள அம்மையார் ஒருவர் சிறப்பு விருந்தினராக வருகிறார். தாய்க்கோழியே தேவையில்லாத புதிய யுகம் பிறந்துவிட்டது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

யுகம் ஈரமாகப் பிறந்தது. ஓட்டை உடைத்து வந்த குஞ்சுகளைக் கேடய அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டார். கடையில் நாள் முழுக்க ஏர்கான். விளக்குக்கு நேர் கீழே நின்றவை வாயைப் பிளந்தன, ஓரத்தில் நின்றவை நடுங்கின. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏற, அடியில் கிடந்தவை நசுங்கின. காலையில் பார்த்தபோது தமிழினத்தின் வீரத்தில் சில பகுதிகள் விறைத்துக் கிடந்தன.

அய்யாவு போன் செய்தார்.

"பவுனம்மா, உங்ககிட்ட அடைக்கோழி இருக்காமே."

இருந்தது. அவள் வளர்த்த ஒரே சேவல் கண்டெய்னர் லோரியில் அடிபட்டுச் செத்ததிலிருந்து முட்டையெல்லாம் கூமுட்டை. ஆனாலும் சிவப்பி என்கிற பெட்டை அடைக்கு உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்காது. கேரி தீவு கோல்ப் திடலில் புல் வெட்டுகிற சொந்தக்காரன் கொண்டுவந்த பந்துகளை அதன் அடியில் வைத்திருந்தாள். சிவப்பி அவற்றை நாளுக்கு நாலு தரம் அலகால் புரட்டிப் போட்டுக் காத்துக்கொண்டிருந்தது. பக்கத்து மூலையில் புள்ளிப் பெட்டை ஒன்றும் அதே நிலையில்.

"இருக்கு. எதுக்கு?"

"குஞ்சுகளுக்குக் கொஞ்சம் சூடு வேணும். அவ்வளவுதான். கோழி வெறும் ஹீட்டர் மாதிரிதானே. ராத்திரி பத்து மணிக்கு மேல பெட்டியோட வரேன். யாருக்கும் தெரிய வேணாம். அடைக்கோழிக்கு இருட்டுலதான் குஞ்சு வைக்கணும்னு சொல்றாங்க, ரெண்டுக்கும் தோதா இருக்கும்."

"ஹீட்டர்னா கடையில வாங்கிக்குங்க தலைவரே."

எதிர்முனையில் குஞ்சுகள் கீச்சுக் கீச்சென்று கத்தின. பிறகு குரல் இறங்கி வந்தது. "இன்னைக்கு ராத்திரி தாங்காதுங்க. டத்தின் வராங்க, பேனர் ஒட்டியாச்சு. நீங்க இதைச் செஞ்சு குடுங்க, அந்த உபய விஷயத்துல நான் கமிட்டியில பேசறேன். விஜயன் பேருக்குக் கீழே 'உதவி' அப்படின்னு உங்க பேரை ஓரமா போட்டுடலாம்."

பக்கத்தில் இருந்த கன்னையா, சரி சரி என்று தலையை ஆட்டினான். லத்தீஃபாவும் வேலியிலிருந்து, சம்மதி என்று கையைக் காட்டினாள்.

பவுனம்மாள் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டாள். "இங்க பாருங்க. உபயம் எங்கம்மா எனக்கு விட்டுட்டுப் போனது. அதை நான் கோழி குடுத்து வாங்க மாட்டேன். ஓரமா நிக்கவும் மாட்டேன். அது தனி. குஞ்சு சாகுது, அதனால கொண்டாங்க. ராத்திரி வேணாம். இப்போ வாங்க, வெயில்ல வாங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

"கோழிக்கு இருட்டு..."

"கோழிக்கு நான் கன்வாஸ் போட்டுக்கிறேன். உங்களுக்கு எதுக்கு இருட்டு?"

அவர் போனை வைத்த பிறகு லத்தீஃபா, "கையில வந்ததை விட்டுட்டியேடி" என்றாள்.

"கையில வரல. ஓரத்துல வந்துச்சு."

அய்யாவு உச்சி வெயிலில் வந்தார். அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்பாதையில் நடந்தார். அண்டை வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "என்ன தலைவரே, மரபா?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் நடையை எட்டிப் போட்டார்.

கன்னையா லோரிக் கன்வாஸை எடுத்துக் கூண்டின்மேல் இழுத்துக் கட்டினான். ஓட்டையெல்லாம் சாக்கால் அடைத்தான். பவுனம்மாள் குஞ்சுகளைத் துண்டில் சுற்றி, சோறு சூடாக இருந்த ரைஸ் குக்கர் மூடியின்மேல் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் துண்டுக்குள் அசைவு வந்தது. கூண்டுக்குள்ளும் கோழிகள் அடங்கிக் குரல் தாழ்ந்தன.

அவள் குனிந்து உள்ளே போனாள். இருட்டும் எச்ச நாற்றமும் வேர்வையுமாக இருந்தது. சிவப்பியின் வாலுக்குப் பின்னாலிருந்து கையை விட்டு ஒரு பந்தை எடுத்தாள். அதே கையோடு ஒரு குஞ்சை வயிற்றுக்கடியில் விட்டாள். சிவப்பி விறைத்தது. குஞ்சு ஒரு தரம் கீச்சிட்டது. பவுனம்மாள் கையை அங்கேயே வைத்திருந்தாள். கொத்தினால் உடனே எடுத்துவிட வேண்டும். அந்த இருட்டில் எந்தப் பக்கம் அலகு என்பதே தெரியவில்லை. பிறகு கோழியின் தொண்டைக்குள்ளிருந்து 'குர்க், குர்க்' என்று ஒரு சத்தம் வந்தது. சிறகு மெல்ல அகன்றது. அடுத்த பந்து, அடுத்த குஞ்சு.

எல்லாவற்றையும் சிவப்பிக்கே கொடுத்திருக்கலாம். புள்ளிக்கும் பங்கு போகட்டும் என்று அவசரப்பட்டு ஒன்றை வைத்தாள். புள்ளி குஞ்சின் மண்டையில் ஒரே கொத்து. ரத்தத்தோடு அதை வெளியே எடுத்து வந்தாள். "என் தப்புதான்" என்று மஞ்சள் அப்பிக்கொண்டே சொன்னாள். "அவளுக்கு இஷ்டமான்னு கேக்காம வச்சுட்டேன்." அந்தக் குஞ்சும் பிறகு சிவப்பியிடமே போய்ப் பிழைத்தது.

அய்யாவு வெயிலில் நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "இதெல்லாம் பார்த்தா, உங்கம்மா உங்களை எடுத்து வளர்த்தது ஞாபகம் வருதுங்க" என்றார், இளகிய குரலில். அவருக்கு இப்படி நெகிழ்வதும் பிடிக்கும்.

"எங்கம்மாவை யாரும் கன்வாஸ் போட்டு ஏமாத்தல" என்றாள் பவுனம்மாள். "பட்டப்பகல்ல நடந்து போயி, மூஞ்சியைப் பார்த்து, இதுதான் வேணும்னு வாங்கி, பஸ்ல மடியில வச்சுக் கொண்டாந்தாங்க. கண்டக்டர் எதுக்குச் சீனப் பிள்ளைன்னு கேட்டதுக்கு, உனக்கு டிக்கெட்தானே வேணும், வாங்கிக்கன்னாங்களாம். கோழிக்குத்தான் இருட்டு வேணும்."

மறுநாள் கன்வாஸை விலக்கியபோது சிவப்பி மார்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. பின்னால் குஞ்சுகள் வந்தன. கோல்ப் பந்துகளை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்தாம் திருநாளுக்கு முதல் ராத்திரி நல்ல மழை. காலையில் வானம் வெளுத்தாலும் விறகெல்லாம் நனைந்திருந்தது. கன்னையா ஒரு வேனை இரவல் வாங்கி வந்தான். விழாவுக்குக் குஞ்சுகள் வேண்டும். தாயை விட்டுப் பிரித்தால் அவை கத்தியே செத்துப்போகும் என்பதால், சிவப்பியோடு ஒரு சின்னக் கூண்டில் கொண்டுவரும்படி அய்யாவே கேட்டுக்கொண்டிருந்தார். ஆக, அன்று கோயிலுக்குக் கட்டாயம் வர வேண்டியிருந்த ஒரே ஆள், வரக் கூடாது என்று அவர் முடிவு செய்த ஆள்தான்.

கன்னையா கூண்டை மேடையருகே இறக்கினான். பவுனம்மாள் பானையையும் மூன்று செங்கல்லையும் இறக்கினாள். இராஜம்மா எந்த இடத்தில் வைப்பாளோ அதே இடத்தில், வேப்பமரத்துக்கு நேர் எதிரே, அடுப்புக் கூட்டினாள். வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த கமிட்டிக்காரர் ஒருவர் ஓடி வந்தார்.

"அக்கா, தலைவரைக் கேட்டீங்களா?"

"கேக்கல."

"அப்போ எப்படிக்கா?"

"விறகு ஈரம். அந்தக் காஞ்ச தென்னோலையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

அவர் யோசித்தார். பிறகு எடுத்துக் கொடுத்தார். புகை பந்தலெங்கும் போயிற்று. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதினாள். தூரத்தில் அய்யாவு இதைப் பார்த்துவிட்டார். ஆனால் அந்த நேரம் பார்த்து டத்தினின் காடி வாசலில் நின்றது. மாலையோடு அங்கே ஓடினார்.

வரவேற்புரை நீண்டது. கப்பல் வந்தது, ரத்தம் வந்தது, வீரம் வந்தது. உள்ளே குருக்கள் உபயதாரருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். விஜயன் வரவில்லை. பெடரல் ஹைவேயில் அப்போதும் நெரிசல்தான், ஆனால் அதில் அவன் இல்லை.

டத்தின் மேடையை விட்டு இறங்கிக் கூண்டருகே வந்தார். ஒரு கையில் மைக்கோடு அய்யாவு கூடவே வந்தார். மரபுக்குஞ்சு ஒன்றை எடுத்து டத்தினின் கையில் வைக்க வேண்டும், அதைப் படம் எடுக்க வேண்டும். கூண்டைத் திறந்து கையை விட்டார். சிவப்பி எழும்பி அவர் மணிக்கட்டைக் கொத்திப் பிடித்துத் தொங்கியது. மைக் வழியாக அய்யாவு சொன்ன வார்த்தை கோயில் ஒலிபெருக்கியில் அதுவரை ஒலிக்காத வார்த்தை. குஞ்சுகள் நாலாபக்கமும் சிதறின. பவுனம்மாள் பானையைக் கன்னையாவிடம் விட்டுவிட்டு ஓடி வந்தாள். கோழியின் காலைப் பிடித்துத் தளர்த்தி மார்போடு அணைத்துக்கொண்டாள். சிவப்பி அவள் கையில் குர்க்கிட்டது. சிதறிய குஞ்சுகள் ஒவ்வொன்றாக அவள் காலடிக்கு வந்து நின்றன.

"சோ கியூட் லா" என்றார் டத்தின். கேமராக்காரர் பவுனம்மாளையும் கோழியையும் படமெடுத்தார். "தலைவரே, இவங்க யாரு?"

மைக் அய்யாவின் வாய்க்கு நேரே இருந்தது. எதிரே ஒரு டத்தின், நடுவே ஒரு கேமரா, முன்னால் ஒரு மனுஷி. அவர் வாயைத் திறந்தார். இவர் இடியாப்பம் விற்கிறவர் என்று சொல்ல முடியாது. தமிழினத்தின் வீரத்தை வளர்த்தவர் இடியாப்பக்காரி என்று நாளைக்குப் பத்திரிகையில் வரும். ஹீட்டர் என்றும் சொல்ல முடியாது. பட்டம் வேண்டும். திலகம், சுடர், செம்மல் எல்லாம் அந்த வலியில் மறந்துபோயிருந்தன. அந்த இடத்தில், அந்த நாளில், பக்கத்தில் கிடந்த ஒரே பட்டம்தான் வாயில் வந்தது.

"இவர்... இன்றைய ஐந்தாம் திருநாளின் உபயதாரர்... திருமதி பவுனம்மாள் அவர்கள்."

ஒலிபெருக்கி அதைப் பந்தலுக்குச் சொன்னது, சாலைக்குச் சொன்னது, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் நின்ற லத்தீஃபாவுக்குச் சொன்னது, சன்னதிக்குள்ளும் சொன்னது. குருக்கள் அடுத்த பூஜைக்கு மேரு ஊருக்கு ஓட வேண்டும்.

"உபயதாரர் சங்கல்பத்துக்கு வாங்கோ, சீக்கிரம்" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

பவுனம்மாள் கோழியை அய்யாவின் கையில் கொடுத்தாள். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. அவர் வாங்கிக்கொண்டார். அவள் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

"கோத்திரம்?"

"சிவ கோத்திரம்."

"நட்சத்திரம்?"

"அனுஷம்."

கோழியோடு வாசற்படிவரை வந்துவிட்டிருந்த அய்யாவு, "அது அவங்க பிறந்த நட்சத்திரம் இல்ல சாமி" என்றார் தாழ்ந்த குரலில்.

"எங்கம்மா என்னைத் தூக்கிட்டு வந்த நாளோட நட்சத்திரம்" என்று பவுனம்மாள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "அவங்க பஞ்சாங்கம் பார்த்துக் குறிச்சு வச்சதுதான். அதுக்கு முன்னாடி நடந்ததை எல்லாம் அவங்க கணக்குல சேர்க்கல."

"அனுஷம் நல்ல நட்சத்திரம்" என்று சொல்லிவிட்டுக் குருக்கள் மேலே போனார். "நாமதேயம்?"

"இராஜம்மா மகள் பவுனம்மாள்."

அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். குருக்கள் பூவையும் அட்சதையையும் அவள் கையில் வைத்தார். மணி அடித்தது. மேளம் எழுந்தது. தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பியபோது வாசற்படியில் அய்யாவு இன்னும் நின்றுகொண்டிருந்தார். சிவப்பி அவர் பொன்னாடையில் வசதியாக உட்கார்ந்திருந்தது. அவர் நகரவும் முடியாமல், நிற்கவும் பிடிக்காமல், வழி மட்டும் விட்டார்.

வெளியே லத்தீஃபா கையைத் தட்டினாள். கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பிரசாதத்துக்கு வரிசை கட்டினார்கள். வரிசையில் முதலாவதாக டத்தின் நின்றார். பவுனம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு, கரண்டியை எடுத்து, நிமிர்ந்து நின்று, இராஜம்மாவின் பானையைத் திறந்தாள்.

அவள் உள்ளே போனதும் மறுபடி சிதறிய குஞ்சுகளைப் பிடிக்கக் கன்னையா போயிருந்ததால் பொங்கல் அடிப்பிடித்திருந்தது. போட மறந்த வெல்லம் வேனிலேயே இருந்தது.